தொண்டு நிறுவனம், அரசு நிதியறிக்கை: கணக்கு படிக்காதவர் எங்கே தொடங்குவது?

வெண்பலகை:

வணக்கம். ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்டப் பணிகளைக் கவனித்துக்கொள்கிறேன். இப்போது நிதிக்குழுவிலும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலாண்டும் இருப்புநிலைக் குறிப்பு, வருமானச் செலவு அறிக்கை, அதற்குப் பின்னால் கட்டாகக் குறிப்புகள் என்று கையில் கொடுக்கிறார்கள். பற்று, வரவு என்றால் என்ன என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது. எங்களுக்கு வரும் மானியத்தில் பெரும்பகுதி ஒரு நகராட்சியிலிருந்து வருவதால் அவர்களுடைய நிதியறிக்கையையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வணிகக் கணக்கியலை முழுதாகப் படித்துவிட்டுத்தான் இதற்குள் வர வேண்டுமா? எதை முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வது? லாபம் என்பதே இல்லாத இடத்தில் ஒரு அமைப்பு நிதி விஷயத்தில் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பேரேடு:

முழுதாகப் படிக்கத் தேவையில்லை. இரட்டைப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்ப்பது), தேய்மானம், ரொக்க முறைக்கும் (பணம் கைமாறும்போது பதிவது) திரட்டல் முறைக்கும் (வருமானமோ செலவோ உண்டாகும்போதே பதிவது) உள்ள வேறுபாடு, இவ்வளவு தெரிந்தால் உள்ளே இறங்கிவிடலாம். பங்கு மூலதனம், ஈவுத்தொகை, ஒரு பங்குக்கு எவ்வளவு வருமானம், இதெல்லாம் இங்கே வராது. வணிக நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் உரிமையாளர் பங்கு இருக்கும் இடத்தில் இங்கே நிகரச் சொத்து, அதாவது சொத்தில் கடன் முதலிய பொறுப்புகளைக் கழித்த மீதி, இருக்கும். அந்தப் பகுதியைச் சரியாகப் படிக்கத் தெரிவதுதான் முதல் வேலை, நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அங்கேதான் தொடங்குவேன்.

ஏனென்றால் தொண்டு நிறுவனத்துக்கு வருகிற பணம் எல்லாம் ஒரே மாதிரிப் பணம் இல்லை. ஒருவர் "எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுப்பார். இன்னொருவர் கண் சிகிச்சைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பார். மூன்றாமவர் முதலைத் தொடக் கூடாது, அதில் வருகிற வருமானத்தை மட்டும் செலவழிக்கலாம் என்று வைப்பார். மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில்கூடக் கிடக்கலாம், ஆனால் எடுத்துச் செலவழிக்கும் உரிமை மூன்றுக்கும் வேறு வேறு. அமெரிக்காவில் நிதிக் கணக்கியல் தர வாரியம் 2016இல் கொண்டுவந்த திருத்தம் வரைக்கும் நிகரச் சொத்தைக் கட்டுப்பாடற்றது, தற்காலிகக் கட்டுப்பாடு உள்ளது, நிரந்தரக் கட்டுப்பாடு உள்ளது என்று மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது நன்கொடையாளர் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று இரண்டே பிரிவு. பிரிட்டனில் அறநிறுவனங்களின் அறிக்கையில் கட்டுப்பாடற்ற நிதி, கட்டுப்பாடுள்ள நிதி, முதல் காக்கும் நிதி என்று தனித்தனிப் பத்தியாகக் காட்டுகிறார்கள். பிரிப்பு எப்படி இருந்தாலும் படிப்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த மாதச் சம்பளத்துக்கு இதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த நிகரச் சொத்து 80 லட்சம் என்று வையுங்கள். அதில் கடன் இல்லாத சொந்தக் கட்டடம் 50 லட்சம். நன்கொடையாளர் நிபந்தனை போட்ட பணம் 24 லட்சம். மீதி 6 லட்சம். ஆண்டுச் செலவு 36 லட்சம், அதாவது மாதத்துக்கு 3 லட்சம். முதல் பக்கத்தில் 80 லட்சம் என்று இருக்கும், ஆனால் வருமானம் நின்றுபோனால் இந்த அமைப்பு 2 மாதம்தான் தாங்கும். கட்டடத்தை விற்றுச் சம்பளம் கொடுக்க முடியாது, கண் சிகிச்சைப் பணத்தை எடுத்து வாடகை கட்டக் கூடாது. இந்த 80க்கும் 6க்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பார்க்கப் பழகுவதுதான் தொண்டு நிறுவன நிதிப் பகுப்பாய்வின் பெரும்பகுதி.

மூன்றாம்வரி:

பேரேடு சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. திரட்டல் முறையை "வேறுபாடு தெரிந்தால் போதும்" என்று விட்டுவிட முடியாது, அதுதான் எல்லாரையும் குழப்புகிற இடம். வாக்களித்து இன்னும் வராத நன்கொடை சொத்துப் பக்கத்தில் நிற்கும். முன்பணமாக வந்து இன்னும் வேலை செய்யாத மானியம் பொறுப்புப் பக்கத்தில் நிற்கலாம். இதில் எது எப்போது வருமானமாகும் என்பது புரியாமல் நிகரச் சொத்தை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள். அதனால் ரொக்கப் பாய்வு அறிக்கையையும் முதல் நாளிலிருந்தே கூடவே வைத்துப் படியுங்கள் என்பேன்.

அப்புறம், அமெரிக்க அறிக்கையாக இருந்தால் அதே 2016 திருத்தத்தால் வந்த ஒரு குறிப்பு இருக்கும்: அடுத்த ஓராண்டுக்குள் பொதுச் செலவுக்கு எடுக்கக்கூடிய நிதிச் சொத்து எவ்வளவு என்று. பேரேடு போட்ட கணக்கை அவர்களே போட்டுக் காட்டியிருப்பார்கள். வேறு நாட்டு அறிக்கைகளில் இது பெரும்பாலும் இருக்காது, நீங்களே தாளை எடுத்துப் போட வேண்டியதுதான்.

வெண்பலகை:

இரண்டு பேருக்கும் நன்றி. 80, 6 கணக்கு நன்றாகப் புரிந்தது. மூன்றாம்வரி சொன்னதில்தான் எனக்கு உடனே ஒரு சந்தேகம். எங்கள் அமைப்பில் போன ஆண்டு பெரிய உபரி காட்டினார்கள், இந்த ஆண்டு பற்றாக்குறை. வேலை அதேதான், ஆட்களும் அதே பேர்தான். "கவலைப்பட ஒன்றும் இல்லை, அது கணக்கு முறையால் வருவது" என்று செயலாளர் சொல்கிறார். உண்மையிலேயே அப்படி இருக்க முடியுமா?

மூன்றாம்வரி:

முடியும், மிகவும் சாதாரணமாக நடப்பது. மூன்றாண்டுக்கான மானியம் 30 லட்சம் வாக்களிக்கப்படுகிறது, ஆண்டுக்கு 10 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க விதிப்படி அந்த மானியத்துக்கு நிபந்தனை எதுவும் இல்லை என்றால் 30 லட்சமும் முதல் ஆண்டிலேயே வருமானம். (பின்னால் வரும் தவணைகளை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்வார்கள், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) முதல் ஆண்டு உபரி 20 லட்சம். இரண்டாம் ஆண்டு அதற்கு வருமானம் பூஜ்யம், செலவு 10, பற்றாக்குறை 10 லட்சம். மூன்றாம் ஆண்டும் அதே. மொத்தத்தில் எதுவும் நடக்கவில்லை, வாக்களித்த பணத்தை வாக்களித்தபடி செலவழித்திருக்கிறார்கள், ஆனால் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு ஓர் ஆண்டு கொண்டாட்டம், இரண்டு ஆண்டு கவலை.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் இரண்டு பத்திகள். 30 லட்சம் முதலில் கட்டுப்பாடுள்ள பத்தியில் ஏறும். ஒவ்வொரு ஆண்டும் செலவழித்த 10 லட்சம் "கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது" என்று அந்தப் பத்தியிலிருந்து இறங்கி, கட்டுப்பாடற்ற பத்தியில் வருமானமாக ஏறும். அங்கே 10 வரவு, 10 செலவு, மூன்றாண்டும் பூஜ்யம். ஆகவே உங்கள் செயலாளர் சொல்வது சரியா என்று பார்க்கக் கட்டுப்பாடற்ற பத்தியின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கேயும் பற்றாக்குறை இருந்தால் அது கணக்கு முறை இல்லை, உண்மையான பற்றாக்குறை.

பேரேடு:

இதோடு "நிபந்தனை" என்பதையும் "கட்டுப்பாடு" என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வோம், நானே மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், கணக்கில் இரண்டும் வேறு. கட்டுப்பாடு என்றால் பணம் உங்களுடையது, எதற்குச் செலவழிப்பது என்பதில் மட்டும் வரம்பு. நிபந்தனை என்றால் பணம் இன்னும் உங்களுடையதே ஆகவில்லை: ஒரு தடையைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது தர வேண்டியவருக்குத் தரும் கடமை நீங்கிவிடும். 200 பேருக்குப் பயிற்சி கொடுத்தால்தான் பணம், இல்லாவிட்டால் திரும்பிவிடும் என்பது மாதிரி. இந்த இரண்டு அடையாளங்களையும் அமெரிக்காவில் 2018இல் வந்த திருத்தம் தெளிவாக எழுதிவைத்தது. நிபந்தனை நிறைவேறும் வரை கையில் வந்த முன்பணம் வருமானம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்ற பொறுப்பு. வராத பகுதி கணக்கிலேயே ஏறாது, குறிப்புகளில் மட்டும் சொல்வார்கள்.

வெண்பலகை, நகராட்சி மானியம் என்று சொன்னீர்களே, அந்த ஒப்பந்தத்தை எடுத்து இந்த இரண்டு அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மானியங்களில் பெரும்பாலும் இருக்கும், அதுவும் முதலில் செலவழித்துவிட்டுப் பின்னால் ரசீது காட்டிப் பணம் வாங்குகிற வகையாக இருந்தால் ரொக்க நெருக்கடி வருவது அங்கேதான். அறிக்கையில் வருமானம் ஏறியிருக்கும், பணம் 3 மாதம் கழித்து வரும்.

நீள்கோடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பார்த்தவரை நிதிக்குழுவில் யாரும் இந்த அளவுக்குப் போவதில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நூற்றுக்கு எவ்வளவு நேரடியாகத் திட்டத்துக்குப் போகிறது, எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகிறது. அந்த ஒரு விகிதத்தை முதலில் கற்றுக்கொண்டால் போதாதா? நன்கொடை கொடுப்பவர்களும் அதைத்தானே பார்க்கிறார்கள்?

பேரேடு:

போதாது, நீள்கோடு. அந்த விகிதம் தேவையே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதை முதலில் கற்றுக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்கத் தொடங்கிவிடுவோம். நிர்வாகச் செலவு என்பதற்குள் என்ன இருக்கிறது? கணக்கர், தணிக்கைக் கட்டணம், கணினிப் பாதுகாப்பு, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, திட்டம் வேலை செய்கிறதா என்று அளப்பதில் ஒரு பகுதி. இவற்றை வெட்டினால் விகிதம் அழகாகும், அமைப்பு பலவீனமாகும். 2013இல் அமெரிக்காவில் அறநிறுவனங்களை மதிப்பிடுகிற கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளின் தலைவர்களும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள், நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று. அந்த விகிதத்தைப் பரப்பியதில் பங்கு உள்ளவர்களே அப்படிச் சொன்னார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, அந்த எண் ஒரு பங்கீட்டின் விளைவு. இயக்குநரின் சம்பளத்தில் எவ்வளவு திட்டம், எவ்வளவு நிர்வாகம், எவ்வளவு நிதி திரட்டல்? வாடகையை எந்த அடிப்படையில் பிரித்தார்கள், சதுர அடியா, ஆள் எண்ணிக்கையா? பங்கீட்டு முறையை மாற்றினால் ஒரு காசுகூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே விகிதம் மாறும். அமெரிக்க விதி செலவுகளை இயல்பு வாரியாகவும் (சம்பளம், வாடகை, பயணம்) பணி வாரியாகவும் (திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல்) ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காட்டச் சொல்கிறது. பங்கீட்டு முறையையும் குறிப்பில் எழுத வேண்டும். விகிதத்தைப் பார்ப்பதானால் அந்த அட்டவணையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தனியாக இல்லை.

நீள்கோடு:

சரி, பங்கீடு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு நன்கொடையாளருக்கு நேரம் இல்லை, ஒரே எண்ணில் சொல் என்கிறார். அவருக்கு எதைக் காட்டுவது?

மூன்றாம்வரி:

ஒரே எண் என்றால் கட்டுப்பாடற்ற ரொக்க இருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்பதைக் காட்டுவேன். இரண்டாவது எண் கேட்டால், மொத்த வருமானத்தில் மிகப் பெரிய ஒரு நன்கொடையாளரின் பங்கு எவ்வளவு என்று. 70 சதவீதம் ஒரே இடத்திலிருந்து வந்தால், விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒருவரின் முடிவில்தான் அமைப்பின் எதிர்காலம் இருக்கிறது.

பொதுநிதி:

இந்த இழையில் அரசுப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சற்று நீளமாகப் போகும்.

அரசுக் கணக்கு வேறு உலகம், ஆனால் அடிப்படைக் கேள்வி மேலே பேரேடு கேட்டதேதான்: எந்தப் பணத்தை எதற்கு எடுக்கலாம். அதற்காகத்தான் அங்கே ஃபண்ட் முறை. பொது ஃபண்ட், சாலைக்கென்று சட்டம் ஒதுக்கிய வரிக்கு ஒரு ஃபண்ட், கட்டுமானத்துக்கு ஒன்று, கடன் அடைக்க ஒன்று, கட்டணம் வாங்கி நடத்துகிற குடிநீர் போன்ற சேவைகளுக்குத் தனி ஃபண்ட், ஊழியர் ஓய்வூதியம் போல மற்றவர்களுக்காகக் காத்துவைக்கும் பணத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தனக்கென்று பேரேடு வைத்துக்கொண்ட தனி அமைப்பு மாதிரி.

அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 1984இல் அரசுக் கணக்கியல் தர வாரியம் தனியாக அமைந்தது. அது 1999இல் வெளியிட்ட 34ஆம் எண் தரம்தான் இன்றைய அறிக்கையின் வடிவத்தைக் கொடுத்தது. அதன்படி ஒரே நகராட்சிக்கு இரண்டு பார்வைகள் வரும். ஃபண்ட் அறிக்கைகளில் பொது ஃபண்ட் போன்றவை திருத்திய திரட்டல் முறையில் இருக்கும்: இந்த ஆண்டுச் செலவுக்குப் பயன்படும் காலத்துக்குள் கைக்கு வரக்கூடிய பணம்தான் வருமானம், சொத்து வரிக்கு ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் வர வேண்டும் என்பது அளவு. முழு அரசு அறிக்கையில் வணிக நிறுவனம் போல முழுத் திரட்டல் முறை.

வேறுபாடு எப்படித் தெரியும் என்றால், ஒரு தீயணைப்பு வண்டி 60 லட்சத்துக்கு வாங்குகிறார்கள், ஆயுள் 15 ஆண்டு, பணத்தை முழுக்கக் கடன் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். பொது ஃபண்டில் கடன் 60 லட்சம் "பிற நிதி ஆதாரம்" என்று உள்ளே வரும், வண்டி 60 லட்சம் செலவு என்று வெளியே போகும், முடிவு பூஜ்யம். வண்டியும் தெரியாது, கடனும் தெரியாது. முழு அரசு அறிக்கையில் வண்டி சொத்து, கடன் பொறுப்பு, ஆண்டுக்கு 4 லட்சம் தேய்மானம். அதே நகராட்சி, அதே பரிவர்த்தனை, இரண்டு கதை. இரண்டும் பொய் இல்லை. ஒன்று இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைக் கடந்துவிட்டோமா என்று சொல்கிறது, மற்றது நாளைய வரி செலுத்துபவரின் தலையில் எதை ஏற்றினோம் என்று சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒத்திசைவு அட்டவணை இருக்கும், ஃபண்ட் முடிவிலிருந்து முழு அரசு முடிவுக்கு ஒவ்வொரு வரியாக நடத்திக்கொண்டு போகும். அரசுக் கணக்கு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பக்கம் வேறு இல்லை என்பது என் கருத்து. ஒரு பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஏன் இது கூட்டப்பட்டது, ஏன் கழிக்கப்பட்டது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள்.

கடனை வரவாகக் காட்டும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க் நகரம் 1975இல் சந்தித்த நெருக்கடியே சாட்சி. அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவுத் திட்டத்துக்குள் தள்ளி, அதற்குக் கடன் வாங்கி, குறுகிய காலக் கடன்மேல் கடனாக ஏற்றி, கடைசியில் வங்கிகள் நகரத்தின் கடன் பத்திரங்களை இனி வாங்க மாட்டோம் என்றபோது நகரம் திவாலின் விளிம்பில் நின்றது. மாநில அரசு தனிக் கழகம் ஒன்றை அமைத்துக் கடன் பத்திரம் விற்றுத்தான் தாங்கிப் பிடித்தது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் சமமாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வெண்பலகை:

பொதுநிதி, இந்த அளவுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை, மிக்க நன்றி. நகராட்சி அறிக்கையைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பக்கம். எதைத் தாண்டிப் போகலாம், எதைத் தாண்டக் கூடாது?

பொதுநிதி:

முதலில் தணிக்கையாளர் கருத்து, தடையற்ற கருத்தா, எதையாவது விலக்கிச் சொன்ன கருத்தா என்று. அடுத்து நிர்வாகத்தின் விளக்கமும் பகுப்பாய்வும் என்ற பகுதி, 34ஆம் தரம் கட்டாயமாக்கியது, சாதாரண மொழியில் இருக்கும். ஆனால் எழுதியவர்கள் நிர்வாகத்தினர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அப்புறம் பொது ஃபண்டின் நிதி இருப்பு. 2009இல் வந்த 54ஆம் தரம் அதை ஐந்தாக அடுக்குகிறது: செலவழிக்க முடியாதது, வெளியிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டது, மன்றத் தீர்மானத்தால் உறுதிசெய்யப்பட்டது, நிர்வாகம் ஒதுக்கிவைத்தது, எதற்கும் ஒதுக்கப்படாதது. அமெரிக்க அரசு நிதி அலுவலர் சங்கம் பொது ஃபண்டில் கட்டுப்படுத்தப்படாத இருப்பு குறைந்தது 2 மாத வருவாய் அல்லது செலவு அளவுக்கு வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அங்கே உங்கள் நகராட்சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பிறகு வரவுசெலவுத் திட்டத்தோடு ஒப்பீடு. இது தொண்டு நிறுவன அறிக்கையில் இருக்காது. அரசில் வரவுசெலவுத் திட்டம் சட்டம், அதை மீறிச் செலவழிப்பது சட்டத்தை மீறுவது. அதனால் முதலில் போட்ட திட்டம், திருத்திய திட்டம், உண்மையில் நடந்தது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். பன்னாட்டு பொதுத்துறைத் தரங்களில் 24ஆம் எண்ணும் இதையேதான் கேட்கிறது. முதல் திட்டத்துக்கும் திருத்திய திட்டத்துக்கும் நடுவில் எந்த வரி பெரிதாக நகர்ந்தது என்று பார்த்தால் ஆண்டின் கதை தெரிந்துவிடும்.

தாண்டக் கூடாதது ஓய்வூதியக் குறிப்பு. பலர் தாண்டிவிடுகிறார்கள். 2012இல் 68ஆம் தரம் வரும் வரைக்கும் வாக்களித்த ஓய்வூதியத்துக்கும் ஒதுக்கிவைத்த பணத்துக்கும் உள்ள முழு இடைவெளி இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக வரவேயில்லை. வந்தபோது பல அரசுகளின் நிகர நிலை (தொண்டு நிறுவனத்தின் நிகரச் சொத்து போன்றது) ஒரே ஆண்டில் சரிந்தது. கடமை முன்னாலும் இருந்தது, இப்போதுதான் முகப்பில் வந்தது. டெட்ராய்ட் நகரம் 2013இல் திவால் மனு கொடுத்தபோது சுமார் 1800 கோடி டாலர் பொறுப்பு என்று சொன்னார்கள், அதில் சுமார் பாதி ஓய்வூதியமும் ஓய்வுபெற்றோர் மருத்துவச் செலவும்.

தணிக்கைத்தடம்:

தணிக்கைப் பக்கத்திலிருந்து ஒன்று. தடையற்ற கருத்து என்றால் பணம் பத்திரமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அறிக்கை முக்கியமான எல்லா விதத்திலும் தரத்துக்கு ஏற்ப இருக்கிறது என்று நியாயமான உறுதி தருகிறார்கள், அவ்வளவுதான். இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரத்தில் நிதி அதிகாரி ஒருவர் 1990 முதல் 2012 வரை 5 கோடி டாலருக்கும் மேல் கையாடினார். ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. நகரத்தின் பெயரில் அவர் திறந்துவைத்திருந்த ஒரு வங்கிக் கணக்கு, அவர் விடுப்பில் இருந்தபோது இன்னொரு ஊழியர் எல்லா வங்கி அறிக்கைகளையும் கேட்டு வாங்கியதால்தான் வெளியே வந்தது.

ஆகவே நிதிக்குழுவில் உட்காருபவர் விகிதங்களுக்கு முன்னால் கேட்க வேண்டியது: வங்கி அறிக்கையை முதலில் பிரித்துப் பார்ப்பவர் யார், காசோலையில் கையெழுத்திடுபவர் யார், பேரேட்டில் பதிபவர் யார். மூன்றும் ஒரே ஆள் என்றால் மற்ற எல்லா எண்ணும் அந்த ஓர் ஆளின் நேர்மையை நம்பித்தான் நிற்கிறது. ஆள் குறைவான சிறிய அமைப்பு என்றால் குழு உறுப்பினர் ஒருவர் மாதந்தோறும் வங்கி அறிக்கையை நேராகப் பெற்றுப் பார்க்கலாம், அதற்குச் செலவே இல்லை.

நீள்கோடு:

இங்கே எல்லாரும் அமெரிக்கத் தரமாகவே பேசுகிறீர்கள். மற்ற நாட்டில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன பயன்?

பொதுநிதி:

நியாயமான கேள்வி. அமெரிக்க அறிக்கைகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன, குறிப்புகளும் விரிவாக இருக்கின்றன, அதனால் பயிற்சிக்கு நல்லது. மற்றபடி நாட்டுக்கு நாடு வேறு. நியூசிலாந்து 1989ஆம் ஆண்டுப் பொது நிதிச் சட்டத்தோடு நாட்டரசு அளவிலேயே திரட்டல் முறைக்கு மாறத் தொடங்கியது, உலகத்தில் முன்னோடி. பிரிட்டன் 2009-10 ஆண்டுக்கு முதன்முறையாக அரசு முழுவதையும் ஒரே கணக்காகத் திரட்டி வெளியிட்டது. இந்திய ஒன்றிய அரசின் கணக்குகள் பெரும்பாலும் ரொக்க முறையில் இருக்கின்றன. ஆனால் உள்ளாட்சிகளுக்காக 2004இல் வந்த தேசிய நகராட்சிக் கணக்கு விதிநூல் திரட்டல் முறையைச் சொல்கிறது. ரொக்க முறைக்குப் பன்னாட்டுத் தரத்திலேயே தனியாக ஒன்று இருக்கிறது. ஆகவே எந்த அறிக்கையை எடுத்தாலும் முதல் குறிப்பில் கணக்குக் கொள்கையைப் பாருங்கள். ரொக்க முறை என்றால் தேய்மானம், ஓய்வூதியப் பொறுப்பு, செலுத்தாத பில்கள், இவை முகப்பில் இருக்காது, வேறு எங்காவது தேட வேண்டும். செலுத்தாத பில்லைத் தள்ளிப்போட்டால் ரொக்க முறையில் பற்றாக்குறை குறைந்த மாதிரித் தெரியும், அதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

மூன்றாம்வரி:

தொண்டு நிறுவனங்களுக்கு இன்னும் சிக்கல், பல நாடுகளில் அவற்றுக்கென்று தனித் தரமே இல்லை. உலகப் பொதுவாக ஒரு வழிகாட்டி கொண்டுவர 2019இல் ஒரு பன்னாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். எப்படியிருந்தாலும் உங்கள் நாட்டு விதி எதுவோ அதைக் கற்று, மேலே பேரேடு போட்ட கணக்கை அதன்மேல் நீங்களே போடுங்கள்.

தன்னார்வலர் உழைப்பு பற்றியும் ஒரு வரி. அமெரிக்க விதியில் எல்லா இலவச உழைப்பும் கணக்கில் ஏறாது, சிறப்புத் திறன் வேண்டிய, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய வேலை அல்லது கட்டடம் போன்ற சொத்தை உருவாக்கும் வேலைதான் ஏறும். பொருளாக வரும் நன்கொடையை 2020 திருத்தத்துக்குப் பிறகு தனி வரியில் காட்ட வேண்டும். காரணம் எளிது: மதிப்புப் போட்ட மருந்துப் பெட்டிகளால் வருமானம் உயர்ந்து நிற்கும், அதை வைத்து மின்கட்டணம் கட்ட முடியாது.

வெண்பலகை:

நீங்கள் எல்லாரும் சொன்னபடி உட்கார்ந்து எங்கள் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். கட்டுப்பாடற்ற பத்தியில் இந்த ஆண்டு சிறு உபரிதான், ஆகவே செயலாளர் சொன்னது சரி. நகராட்சி ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் விதியும் இருக்கிறது, இலக்கும் இருக்கிறது, எனவே அது நிபந்தனை உள்ளது. பேரேடு போட்ட கணக்கைப் போட்டால் 4 மாதம் வருகிறது. ஆனால் அதில் பாதி "கட்டடப் பராமரிப்பு இருப்பு" என்று குழுவே ஒதுக்கி வைத்திருப்பது. அதைக் கட்டுப்பாடுள்ளதில் சேர்த்து 2 மாதம் என்று சொல்ல வேண்டுமா?

பேரேடு:

சேர்க்கக் கூடாது. கட்டுப்பாட்டைப் போடக்கூடியவர் பணம் கொடுத்தவர் மட்டும்தான். குழு தானே ஒதுக்கியதைக் குழுவே இன்னொரு தீர்மானத்தால் எடுத்துவிடலாம், எனவே அது கட்டுப்பாடற்றதாகவே நிற்கும், குறிப்பில் மட்டும் தொகையையும் நோக்கத்தையும் சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கூரை ஒழுகுகிறது, பராமரிப்பு உடனே வேண்டும் என்றால் அந்தப் பணம் போய்விடும், உங்களிடம் உண்மையில் இருப்பது 2 மாதம்தான். அதனால் இரண்டு எண்ணையும் காட்டுங்கள்: குழு ஒதுக்கியதோடு 4, அது இல்லாமல் 2.

தணிக்கைத்தடம்:

கூடவே அந்த ஒதுக்கீட்டின் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது, எவ்வளவு, எந்தச் சூழலில் யார் அனுமதியோடு எடுக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். தீர்மானமே இல்லை, யாரோ ஒரு வரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அடுத்த கூட்டத்தில் அதை முறையாக நிறைவேற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெண்பலகை:

கேட்கிறேன். நகராட்சி அறிக்கையின் ஒத்திசைவு அட்டவணையையும் எடுத்து வைத்திருக்கிறேன், புரியாத வரிகளை இங்கேயே எழுதுகிறேன்.